அயலாரின் உரிமை: ஆகிலாவிலிருந்து வாகனக் காப்பீடு வரை

ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வாயிலில் வரிசையாக நிற்கும் இருசக்கர வாகனங்களைப் பார்க்கிறோம். அவற்றுள் எத்தனை வாகனங்களுக்கு நடப்புக் காப்பீடு இருக்கிறது என்று கேட்டால் மூன்று விதமான பதில்கள் வரும். வாங்கியபோது கடையிலேயே இன்சூரன்ஸ் போட்டுக் கொடுத்தார்கள், அதன்பின் புதுப்பிக்கவில்லை என்பார் ஒருவர். வழியில் காவலர் மறித்தால் காட்டுவதற்காக வைத்திருக்கிறேன் என்பார் இன்னொருவர். காப்பீடு மார்க்கத்தில் கூடாது, ஆகவே போடவில்லை என்பார் மூன்றாமவர்.

ஒருவர் அசட்டையால் சொல்கிறார். ஒருவர் அபராதத்துக்கு அஞ்சிச் சொல்கிறார். ஒருவர் பேணுதலால் சொல்கிறார். ஆயினும் மூவரும் ஒரே பிழையில்தான் நிற்கின்றனர். அந்தக் காகிதம் தமக்கானது என்று மூவரும் எண்ணுகின்றனர். தமக்கானது என்பதால் வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்று கருதுகின்றனர். உண்மையில், சட்டம் கட்டாயமாக்கியுள்ள காப்பீடு வாகனத்தின் உரிமையாளரைக் காக்க வந்ததன்று. அவருடைய வாகனத்தால் அடிபடக்கூடிய, அவர் முன்பின் அறியாத ஒரு மனிதரின் குடும்பத்தைக் காக்க வந்தது. இதை அறிய வேண்டுமானால் வரலாற்றில் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். இந்தியச் சட்டத்திலிருந்து அன்று, மதீனாவிலிருந்து தொடங்க வேண்டும்.

மதீனாவில் எழுந்த கேள்வி

ஹுதைல் குலத்தைச் சேர்ந்த இரு பெண்கள் சண்டையிட்டுக் கொண்டனர். ஒருத்தி எறிந்த கல் மற்றவள் மீது பட்டது. அடிபட்டவள் கர்ப்பிணி. அவளும் இறந்தாள், வயிற்றிலிருந்த சிசுவும் இறந்தது. வழக்கு நபி (ஸல்) அவர்களிடம் வந்தது. சிசுவுக்குரிய ஈட்டைத் தனியே விதித்த நபி (ஸல்) அவர்கள், இறந்த பெண்ணுக்கான தியத்தை, அதாவது உயிருக்கான இழப்பீட்டை, கல்லெறிந்தவளின் ‘ஆகிலா’ செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது.

ஆகிலா என்பது ஒருவரின் தந்தைவழி உறவினர் குழு. ஓர் உயிருக்கான முழுத் தியத் நூறு ஒட்டகங்கள். அக்காலத்தில் நூறு ஒட்டகம் வைத்திருந்தவர் மிகச் சிலரே. தவறிழைத்தவர் மட்டுமே செலுத்த வேண்டும் என்று விட்டால், பெரும்பாலான வழக்குகளில் இறந்தவரின் குடும்பத்துக்கு எதுவும் கிடைக்காது. தீர்ப்பு வெறும் சொல்லாகவே நின்றுவிடும். ஆகவே அப்பாரம் ஒரு கூட்டத்தார் மீது பரப்பப்பட்டது. ஹிஜ்ரத்துக்குப் பின் மதீனாவில் எழுதப்பட்ட உடன்படிக்கையை இப்னு ஹிஷாம் தம் நூலில் பதிந்துள்ளார். குறைஷி முஹாஜிர்கள் தொடங்கி ஒவ்வொரு குலத்தாரும் தத்தம் தியத் பொறுப்பைத் தாமே கூட்டாக ஏற்பர் என்று அதில் காண்கிறோம். புதிதாக அமைந்த ஒரு சமூகம் தன் முதல் ஆவணத்திலேயே இப்பொறுப்பை எழுதிவைத்தது என்பது சிந்தனைக்குரியது.

இதில் இரு எல்லைகள் உண்டு. ஒன்று, வேண்டுமென்றே செய்த கொலைக்கு ஆகிலா பொறுப்பாகாது. கொல்லும் நோக்கமின்றி நேர்ந்த இறப்புக்கே இந்த ஏற்பாடு. மற்றொன்று, பணம் கூட்டத்தாரால் செலுத்தப்பட்டாலும் பாவப் பரிகாரம் கூட்டத்தாருடையதன்று. தவறுதலாக ஓர் இறைநம்பிக்கையாளரைக் கொன்றவர் ஓர் அடிமையை விடுதலை செய்ய வேண்டும், அதற்கு வழியில்லையேல் தொடர்ந்து இரு மாதங்கள் நோன்பு நோற்க வேண்டும் என்று சூரத்துந் நிஸாவின் 92ஆம் வசனம் விதிக்கிறது. தியத்தைப் பிறர் கொடுக்கலாம். நோன்பைப் பிறர் நோற்க முடியாது. இந்தப் பிரிவினையை நினைவில் வைத்துக்கொள்வோம். கட்டுரையின் இறுதியில் இதற்குத் திரும்புவோம்.

குலத்திலிருந்து பதிவேட்டுக்கு

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் நிலைமை மாறியது. எல்லைகள் விரிந்தன. கூஃபாவிலும் பஸ்ராவிலும் பல குலத்தார் கலந்து வாழ்ந்தனர். வீரர்களின் பெயர்களும் அவர்களுக்குரிய ஊதியமும் ‘தீவான்’ எனும் பதிவேட்டில் எழுதப்பட்டன. ஒரே பதிவேட்டில் பெயர் பெற்றவர்கள் ஒருவருக்கொருவர் ஆகிலா ஆயினர் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலைப்பாடு. உதவுவதே இந்த ஏற்பாட்டின் கரு, உதவி எவ்வழியில் வருகிறதோ அவ்வழியில் பொறுப்பும் வரும் என்பது அவர்களின் விளக்கம். ஷாஃபிஈ மத்ஹப் உறவினர் குழுவையே ஆகிலாவாகக் கொண்டது. அதன்படி வசதியுள்ளவர் ஆண்டுக்கு அரை தீனார், நடுத்தரத்தார் கால் தீனார் தர வேண்டும். ஏழைகளுக்கு விலக்கு உண்டு. ஹனஃபி அறிஞர்களும் ஒருவர் மீது விழும் பங்கு சில திர்ஹங்களைத் தாண்டாதபடி வரம்பிட்டனர். தொகை மூன்று ஆண்டுகளில் பகுதி பகுதியாகச் செலுத்தப்பட்டது.

இந்தக் கணக்கு நமக்கு அந்நியமானதன்று. பலர் ஆண்டுதோறும் சிறு தொகை தர, அதிலிருந்து ஒரு குடும்பத்துக்குப் பெருந்தொகை சென்றது.

கொன்றவர் யாரென்றே தெரியாவிட்டால் என்ன செய்வது? கைபரில் அப்துல்லாஹ் இப்னு ஸஹ்ல் (ரலி) கொல்லப்பட்டுக் கிடந்தார். குற்றவாளியை நிறுவ முடியவில்லை. அவருடைய இரத்தம் வீணாவதை விரும்பாத நபி (ஸல்) அவர்கள், ஸதகா ஒட்டகங்களிலிருந்து நூறு ஒட்டகங்களை அவர் குடும்பத்துக்கு அளித்தார்கள் என்று புகாரியில் காண்கிறோம். பொறுப்பேற்க எவரும் கிடைக்காத இடத்தில் பொதுநிதி பொறுப்பேற்றது.

துறைமுகத்தில் வந்த காப்பீடு

இன்று நாம் காப்பீடு என்றழைக்கும் வணிக ஒப்பந்தம் இவ்வழியில் வந்ததன்று. அது மத்தியதரைக் கடலின் கப்பல் வணிகத்தில் பிறந்தது. சரக்கு கடலில் மூழ்கினால் ஈடு தருவதாக ஒருவர் முன்கூட்டியே கட்டணம் பெறும் முறை அது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உஸ்மானியத் துறைமுகங்களில் இவ்வழக்கம் பரவியபோது, திமஷ்கின் ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் (மறைவு 1836) தம் ‘ரத்துல் முஹ்தார்’ நூலில் அதை ‘சவ்கரா’ என்ற பெயரில் ஆராய்ந்தார். தன் மீது கடமையாகாத ஒன்றைத் தருவதாக ஒருவர் ஏற்பது செல்லாது, ஆகவே அந்த ஈட்டை முஸ்லிம் வணிகர் பெறுவது கூடாது என்று முடிவு செய்தார்.

அன்று தொடங்கிய விவாதம் 20ஆம் நூற்றாண்டு முழுவதும் நீண்டது. 1961இல் திமஷ்கில் நடந்த ஃபிக்ஹ் கருத்தரங்கில் முஸ்தஃபா அஸ்ஸர்கா காப்பீட்டை ஆதரித்து வாதிட்டார். அவர் எடுத்துக்காட்டிய முன்மாதிரிகளுள் ஆகிலாவும் ஒன்று. அபூ ஸஹ்ரா போன்றோர் மறுத்தனர். ஆகிலாவில் இலாபம் இல்லை, விற்பனை இல்லை. வணிகக் காப்பீட்டில் நிச்சயமின்மையும் சூதின் சாயலும் வட்டியும் கலந்துள்ளன என்பது மறுத்தோரின் வாதம். 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நிலையான கட்டணத்திலான வணிகக் காப்பீடு ஹராம் என்றும், பரஸ்பர உதவியை அடிப்படையாகக் கொண்ட கூட்டுறவுக் காப்பீடு ஆகும் என்றும் தீர்மானித்தது. இந்தக் கூட்டுறவு வடிவமே தகாஃபுல். 1979இல் சூடானில் முதல் நிறுவனம் தொடங்கியது. மலேசியா 1984இல் தனிச் சட்டம் இயற்றியது. இலங்கையில் 1999இல் அமானா தகாஃபுல் உருவானது. இந்தியாவில் வாகனத்துக்குத் தகாஃபுல் பெறும் வழி இல்லை.

பேணுதலால் காப்பீட்டைத் தவிர்க்கும் சகோதரரின் தயக்கத்துக்கு ஆழமான வேர் உண்டு என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. அதை எள்ளி நகையாடுவதற்கில்லை. ஆனால் இப்னு ஆபிதீன் ஆராய்ந்தது, தன் சரக்குக்குத் தானே ஈடு பெறும் வணிகரின் நிலையை. சாலையில் சட்டம் கேட்பது வேறொன்று.

சாலையில் வந்த சட்டம்

1896 ஆகஸ்டில் லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் அருகே பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண்மணி மோட்டார் வண்டி மோதி இறந்தார். பிரிட்டனில் மோட்டார் வண்டி மோதி இறந்த முதல் பாதசாரியாக அவர் பதிவாகியுள்ளார். அடுத்த முப்பது ஆண்டுகளில் வண்டிகள் பெருகின, விபத்துகளும் பெருகின. வழக்குத் தொடுத்து வென்ற குடும்பங்களும் வெறுங்கையோடு திரும்பின. ஏனெனில் வண்டியோட்டியிடம் கொடுக்கப் பணமில்லை. காப்பீடு எடுத்திருந்தவர் திவாலானால் காப்பீட்டுத் தொகை அவருடைய பிற கடன்காரர்களுக்கும் பங்கிடப்பட்டது. அடிபட்டவருக்குத் தனி உரிமை இருக்கவில்லை. மதீனாவில் எழுந்த அதே கேள்விதான் லண்டனிலும் எழுந்தது: தவறிழைத்தவர் ஏழையானால் இறந்தவரின் குடும்பம் என்ன செய்யும்?

பிரிட்டன் 1930இல் இரு சட்டங்கள் இயற்றியது. ஒன்று, மூன்றாம் நபருக்கான காப்பீடின்றி வண்டி ஓட்டக்கூடாது என்றது. மற்றொன்று, காப்பீடு எடுத்தவர் திவாலானால் பாதிக்கப்பட்டவர் நேரே காப்பீட்டு நிறுவனத்திடம் ஈடு கேட்கலாம் என்றது. இந்தியாவில் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் எட்டாம் அத்தியாயம் இதே கட்டாயத்தைக் கொண்டுவந்தது. ஆனால் அவ்வத்தியாயம் நடைமுறைக்கு வந்தது 1946 ஜூலை 1 அன்றுதான். வழக்குகள் உரிமையியல் நீதிமன்றங்களில் தேங்கியதால், 1956ஆம் ஆண்டுத் திருத்தம் விபத்து இழப்பீட்டுக்கெனத் தனித் தீர்ப்பாயங்கள் அமைக்க வழி செய்தது. 1982ஆம் ஆண்டுத் திருத்தம், யார் மீது தவறு என்று நிறுவாமலே இறப்புக்கு 15,000 ரூபாய் வழங்கச் சொன்னது. மோதிவிட்டு ஓடிய வாகனம் எதுவென்று தெரியாத நிலையிலும் ஈடு தருவதற்கு ஏற்பாடு செய்தது. அப்துல்லாஹ் இப்னு ஸஹ்லின் குடும்பத்துக்குக் கிடைத்த நூறு ஒட்டகங்களை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அடையாளம் தெரியாத வாகனத்தால் இறப்பு நேர்ந்தால் 2022 ஏப்ரல் முதல் 2 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் என்று இத்தொகை உயர்ந்துள்ளது. இந்த உரிமையை அறியாமல் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுவோர் உண்டு.

இன்று நடப்பிலுள்ளது 1988ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 146ஆம் பிரிவு மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. 1987இல் ஸ்கான்டியா வழக்கில் உச்சநீதிமன்றம் இக்கட்டாயத்தின் நோக்கத்தை விளக்கியது. காப்பீட்டு நிறுவனங்களின் வணிகத்தை வளர்ப்பதற்காக இச்சட்டம் வரவில்லை, சாலையைப் பயன்படுத்தும் பொதுமக்களை விபத்தின் விளைவிலிருந்து காக்கவே வந்தது என்பது அதன் சாரம். ஆயினும் காப்பீடில்லா வாகனங்கள் சாலையில் பெருகிக்கொண்டே இருந்தன. கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்பு குறித்து உச்சநீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில் இதுவும் ஆராயப்பட்டது. அதன் பயனாக 2018 செப்டம்பர் 1 முதல், புதிய காருக்கு மூன்று ஆண்டுகளுக்கும் புதிய இருசக்கர வாகனத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டை வாங்கும்போதே எடுக்க வேண்டியதாயிற்று. முதலாம் ஆண்டோடு புதுப்பிக்காமல் விடும் நம் பழக்கமே இத்தீர்ப்புக்குக் காரணம்.

நம்மிடையே உள்ள தவறான எண்ணங்கள்

இந்த வரலாற்றை மனத்தில் கொண்டு பார்த்தால், காப்பீடு குறித்து நம்மிடையே நிலவும் பல எண்ணங்கள் எங்கே பிழைபடுகின்றன என்பது விளங்கும்.

முதலாவது, “இன்சூரன்ஸ் இருக்கிறது, வண்டிக்கு எது நேர்ந்தாலும் பணம் வரும்” என்பது. மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்து சொந்த வண்டியின் சேதத்துக்கு ஒரு ரூபாயும் வராது. திருட்டு, வெள்ளம், தீ ஆகியவற்றுக்கும் வராது. அவற்றுக்குச் சொந்தச் சேதக் காப்பீட்டைத் தனியாகவோ, இரண்டையும் சேர்த்த முழுக் காப்பீடாகவோ எடுத்திருக்க வேண்டும். மாறாக, நம் வாகனத்தால் பிறருக்கு இறப்போ காயமோ நேர்ந்தால், தீர்ப்பாயம் விதிக்கும் தொகைக்கு உச்சவரம்பின்றி நிறுவனம் பொறுப்பேற்கிறது. பிறர் பொருளுக்கு நேரும் சேதத்துக்கு வரம்பு உண்டு: கார் முதலியவற்றுக்கு 7.5 லட்சம், இருசக்கர வாகனத்துக்கு 1 லட்சம்.

இரண்டாவது, “என் பின்னால் அமர்ந்து வருபவருக்கும் இதிலேயே உண்டு” என்பது. சட்டம் கட்டாயமாக்கிய காப்பீடு தனியார் காரில் இலவசமாக ஏறி வருபவரை உள்ளடக்காது என்று 1977இல் புஷ்பாபாய் வழக்கிலும், இருசக்கர வாகனத்தின் பின்னிருக்கையில் இருப்பவரை உள்ளடக்காது என்று 2008இல் சுதாகரன் வழக்கிலும் உச்சநீதிமன்றம் கூறியது. முழுக் காப்பீடு இவர்களுக்கும் பொருந்தும் என்பதைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009இல் தெளிவுபடுத்தியது. மனைவியையும் தாயையும் பின்னிருக்கையில் ஏற்றிச் செல்லும் நாம் எத்தகைய காப்பீடு வைத்திருக்கிறோம் என்பதை இன்றே எடுத்துப் பார்ப்பது நல்லது.

மூன்றாவது, நம் ஊர்களில் மிகுந்த துயரத்தைத் தருவது. நிக்காஹுக்கோ வலீமாவுக்கோ உறவினர்களை ‘குட்டி யானை’யிலும் மினி லாரியிலும் ஏற்றிச் செல்கிறோம். வண்டிக்குக் காப்பீடு நடப்பில் இருக்கிறது என்ற தைரியம் நமக்கு. சரக்கு வாகனத்தில் இலவசமாக ஏறிச் செல்லும் பயணிகளுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்று 2002இல் ஆஷா ராணி வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ சரக்கோடு செல்லும்போது அவருக்கு மட்டும் அது பொருந்தும். அவ்வண்டி கவிழ்ந்தால் இருபது பேருக்கான ஈடு வண்டிக்காரர் ஒருவர் தலையில் விழும். அவரால் கொடுக்க இயலாது. ஆகிலா எதற்காக ஏற்பட்டதோ, அந்த நிலைக்கே இருபது குடும்பங்கள் தள்ளப்படும். ஒரு பேருந்தின் வாடகையை மிச்சப்படுத்தியதற்கு நாம் கொடுக்கும் விலை அது.

நான்காவது, “யார் ஓட்டினாலும் நிறுவனம் கொடுத்துவிடும்” என்பது. ஓட்டியவரிடம் உரிய லைசென்ஸ் இல்லையெனில் நிலைமை வேறு. 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் இதை விரிவாக ஆராய்ந்தது. லைசென்ஸ் இல்லை என்ற ஒன்றைக் காட்டி நிறுவனம் நழுவ முடியாது. ஆனால் உரிமையாளர் தெரிந்தே நிபந்தனையை மீறினார் என்று நிறுவினால், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்க வழியுண்டு. லைசென்ஸ் பெறாத மகனிடம் சாவியைக் கொடுக்கும் தந்தை இதை நினைக்க வேண்டும். மகன் வயது வராதவராயின், 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அத்தகைய தந்தைக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் வைத்துள்ளது. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும்.

ஐந்தாவது, இரவல் வண்டி. நண்பரின் வண்டியை வாங்கிச் சென்றவர் தாமே மோதி இறந்தால், அவர் உரிமையாளரின் இடத்தில் நிற்பவராகிறார். அவரை மூன்றாம் நபராகக் கொள்ள முடியாது என்று 2009இல் நிங்கம்மா வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. காப்பீட்டோடு எடுக்கும் 15 லட்சம் ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பும் உரிமையாளராகவும் ஓட்டுநராகவும் இருப்பவருக்கே உரியது. அவரிடமும் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும்.

ஆறாவது, பழைய வண்டியை விற்பதும் வாங்குவதும். நம்மிடையே பெரும்பாலும் நம்பிக்கையின் பேரில் கைமாறும் வண்டிகளில் ஆர்.சி. புத்தகத்தின் பெயர் மாறுவதே இல்லை. 2018இல் நவீன்குமார் வழக்கில், வண்டி கைமாறிவிட்டிருந்தாலும் பதிவில் பெயருள்ளவரே உரிமையாளர், அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று தீர்ப்பாயிற்று. வாங்கியவருக்கும் நிம்மதியில்லை. மூன்றாம் நபர் காப்பீடு வண்டியோடு வந்தாலும், 14 நாட்களுக்குள் விண்ணப்பித்துப் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். சொந்தச் சேதக் காப்பீடு தானாக வந்து சேராது என்று 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று உண்டு.

ஏழாவது, “காலாவதியானாலும் மூன்று மாத அவகாசம் உண்டு” என்பது. அந்த 90 நாள் அவகாசம் முந்தைய ஆண்டுகளில் சேர்ந்த கட்டணச் சலுகையை இழக்காமலிருப்பதற்கு மட்டுமே. காப்பீடு முடிந்த மறுநாள் நேரும் விபத்துக்கு எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது. காப்பீடின்றி ஓட்டினால் முதன்முறை அபராதம் 2,000 ரூபாய் என்பது பலருக்குத் தெரியும். விபத்து நேர்ந்தால் தீர்ப்பாயம் விதிக்கும் இலட்சங்களைத் தம் வீட்டையும் நிலத்தையும் விற்றுச் செலுத்த வேண்டிவரும் என்பதைப் பலர் நினைப்பதில்லை. விற்பதற்கு வீடோ நிலமோ இல்லாதவரின் வண்டியில் அடிபட்டவர் நிலை இன்னும் இரங்கத்தக்கது.

காப்பீடு ஏற்காத கடமை

மார்க்கக் கேள்விக்கு இப்போது வருவோம். சட்டம் கட்டாயமாக்கியிருப்பதால், வேறு வழியில்லாத நிலையில் மூன்றாம் நபர் காப்பீட்டை எடுப்பதில் குற்றமில்லை என்பது பரவலாகச் சொல்லப்படும் மார்க்கத் தீர்ப்பு. முழுக் காப்பீட்டிலும், தனக்கெனப் பெறும் தொகையிலும் கருத்து வேறுபாடுகள் உள்ளன. அவற்றை ஒவ்வொருவரும் தாம் நம்பும் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறட்டும். ஆனால் அந்தக் கருத்து வேறுபாட்டைக் காரணமாக்கி, பிறருக்குரிய உரிமையைப் பாதுகாப்பின்றி விடுவது பேணுதலாகாது. நாம் தவிர்ப்பது நமக்கு வரும் பணத்தை என்றால் அது நம் விருப்பம். நம்மால் அநாதையாகக்கூடிய ஒரு குழந்தைக்குச் சேர வேண்டிய பணத்தைத் தவிர்க்க நமக்கு உரிமையில்லை.

1993இல் புரூணையில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி சாலை விபத்துகள் குறித்தே தனித் தீர்மானம் ஒன்றை இயற்றியது. ஷரீஅத்துக்கு முரண்படாத போக்குவரத்து விதிகளுக்குக் கட்டுப்படுவது மார்க்க ரீதியாகவே கடமை என்றும், வாகனத்தால் பிறருக்கு நேரும் தீங்குக்கு ஓட்டுநர் பொறுப்பாளி என்றும் அது அறிவித்தது. தவிர்க்கவே முடியாத நிகழ்வு, அடிபட்டவரின் பெருந்தவறு போன்றவற்றுக்கு விலக்கும் கூறியது.

மதீனாவில் நாம் கண்ட அந்தப் பிரிவினைக்குத் திரும்புவோம். தியத்தை ஆகிலா ஏற்றது; கஃப்பாராவை ஏற்கவில்லை. இன்றும் அவ்வாறே. காப்பீட்டு நிறுவனம் ஈடு கொடுத்துவிட்டதால் ஓட்டுநரின் கணக்கு முடிந்துவிடுவதில்லை. தன் கவனக்குறைவால் ஓர் உயிர் போயிருந்தால் இரு மாத நோன்பும் தவ்பாவும் அவர் மீதே உள்ளன. அடிபட்டவரை அப்படியே விட்டு ஓடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது 134ஆம் பிரிவின்படி சட்டக் கடமை. அதற்கு முன்பே அது மார்க்கக் கடமை. கூட்டத்தின் அச்சத்தால் அங்கே நிற்க முடியாவிட்டால் உடனே காவல் நிலையம் சென்று அறிவிக்க வேண்டும். வழியில் கண்டு உதவும் மூன்றாமவரைச் சாட்சி சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தம் பாதுகாப்பும் அளித்துள்ளது. ஆகவே அஞ்சி விலக வேண்டியதில்லை.

நம் ஜமாஅத்துகள் இதில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உமர் (ரலி) அவர்களின் தீவான் பெயர்களைப் பதிந்து பொறுப்பைப் பகிர்ந்தது. நம் மஹல்லாப் பதிவேட்டில் திருமணமும் ஜனாஸாவும் பதிவாகின்றன. வாகனம் வைத்திருப்போரின் காப்பீடு முடியும் தேதியையும் குறித்துக்கொண்டு, ஒரு வாரம் முன்னதாக நினைவூட்ட ஓர் இளைஞர் போதும். புதுப்பிக்கப் பணமில்லாமல் வாடகை ஆட்டோவை ஓட்டிப் பிழைக்கும் ஏழைச் சகோதரருக்கு பைத்துல்மாலிலிருந்து கர்ழ் ஹஸனாக அத்தொகையைக் கொடுக்கலாம். பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் நிக்காஹ் தேதி குறிக்கும்போதே, சரக்கு வண்டியில் ஆள் ஏற்ற வேண்டாம் என்று எடுத்துச் சொல்லலாம். விபத்தில் குடும்பத் தலைவரை இழந்த வீட்டுக்கு அனுதாபத்தோடு மட்டும் செல்லாமல், எந்தத் தீர்ப்பாயத்தில் எவ்வளவு காலத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று அறிந்த ஒரு வழக்கறிஞரோடு செல்லலாம்.

அடுத்த ஜும்ஆவுக்குப் புறப்படும் முன், வண்டியின் பெட்டியைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்து, அது முடியும் தேதியை ஒரு முறை படித்துப் பார்ப்போம். நம் கைகளாலும் நம் வாகனங்களாலும் எவருக்கும் தீங்கு நேராமல் அல்லாஹ் நம்மைக் காப்பானாக! நேர்ந்துவிட்டால், பாதிக்கப்பட்டவரின் உரிமையைக் குறைவின்றி ஒப்படைக்கும் வசதியையும் மனத்தையும் அவனே நமக்குத் தருவானாக! அல்லாஹ்வே நன்கறிந்தவன்.